தோற்காத எண்

டாக்டரிடம் போவதில்லை. அன்று காலை பல் துலக்கும்போதே மீட்டர் அந்த முடிவுக்கு வந்துவிட்டார்.

முப்பத்தாறு வருஷம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்தவருக்கு அக்கம்பக்கம் வைத்த பெயர் அது. ஒரு தெரு முழுவதன் எண்களையும் தலைக்குள்ளேயே சுமந்துவந்து ஆபீஸில் இறக்கிவைத்த மனிதர். ஓய்வுபெற்று ஏழு வருஷம் ஆனபின், போன வாரம், டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் நாலு வீட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து மனைவி பிடித்த பிடியை விடவில்லை. மூளையைச் சோதிக்கவேண்டுமாம்.

யார் மூளையை? அவரிடம் ஓர் எண் இருந்தது. எங்கே கற்றார் என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

மனைவி தையல்காரி. மேஜைமேல் துணியை விரித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு பந்தயம்மா. 142857. இதை ரெண்டாலயிருந்து ஆறுவரைக்கும் எதால வேணும்னாலும் பெருக்கச் சொல்லு. மனக்கணக்காவே சொல்றேன். சரியா இருந்தா டாக்டர் கிடையாது.”

“அடேயப்பா. எனக்கு ரெண்டையும் ரெண்டையும் கூட்டவே அளவு நாடா வேணும். சரி, மூணு.”

“428571.”

அவள் போனில் தட்டிப் பார்த்தாள். “அட, சரியாத்தான் இருக்கு. அஞ்சு?”

“714285.”

“எப்படிங்க இது?”

மீட்டர் மீசைக்குள் சிரித்தார். ஆறு இலக்கங்களும் கைகோத்து வட்டமாக நிற்கின்றன. பெருக்கினால் அதே ஆறு பேர்தான், அதே வரிசைதான். முன்னால் நிற்பவர் மட்டும் மாறுவார். யார் முன்னால் என்று தெரிந்தால் போதும். இதை அவளிடம் போய்ச் சொல்வாரா என்ன?

“ஏழால பெருக்கினா?” என்றாள்.

அது பந்தயத்தில் இல்லை. ஆனாலும் சொன்னார். “999999.”

சொன்னபின் ஏனோ நெஞ்சுக்குள் வெறிச்சென்றிருந்தது. அவ்வளவு நேரம் சுற்றிச்சுற்றி வந்த ஆறு பேரில் ஒருவர்கூட மிச்சமில்லை.

“தோத்துட்டேன்,” என்று அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோற்றவர்களுக்கு அழுகை வருவது சகஜம் என்று மீட்டர் பெருந்தன்மையாக இருந்துவிட்டார்.

“சட்டையைப் போடுங்க. காலாற நடந்துட்டு வரலாம்.”

பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டார். அவள் அவிழ்த்து, ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டுவிட்டாள்.

வாசலில் வாடகைக் கார் நின்றது. ஏறி உட்கார்ந்ததும் டிரைவரிடம் ஆஸ்பத்திரி என்றாள்.

“என்னம்மா இது? பந்தயத்துல ஜெயிச்சது நான்தானே?”

“நீங்கதான். நேத்தும் நீங்கதான் ஜெயிச்சீங்க, முந்தாநாளும் நீங்கதான்,” என்று அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “அதைத்தான் டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்.”