துவக்குப் பெட்டியின் சாவி

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற குலசேகரம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மனோர் பார்க் வீட்டுக் குசினி வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்று மனைவிக்கு அறிவித்தார்.

"சிவனேஸ், நான் ஒரு துவக்கு வாங்கப் போறன்."

சிவனேஸ்வரி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "துவக்குக்குப் பயந்துதானே நாட்டை விட்டு இஞ்சை ஓடி வந்தனாங்கள்."

"அது வேறை துவக்கு. இது விளையாட்டுத் துவக்கு. கடதாசியைத்தான் சுடுறது."

ஓய்வுக்குப் பிறகு சோபாவோடு சோபாவாய்க் கிடந்த மனிசனை, சிநேகிதர் இராஜேந்திரன் குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் சேர்த்துவிட்டிருந்தார். அங்கே பழக்குகிறவர் ஒருநாள் "உமக்கு நல்ல கண்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். குலசேகரம் தினமும் சவரம் செய்தார். படியேறும்போது விசிலடித்தார்.

"என்ன மாதிரித் துவக்கு?"

"செமி ஒட்டோமற்றிக். பெரிசெல்லாம் இந்த நாட்டிலை தடை. பொயின்ற் டூ டூ எண்ட சின்னக் குண்டு போடுறதை மட்டும் பொலிஸ் அனுமதியோடை வைச்சிருக்கலாம்."

"செமி எண்டால்?"

"ஒருக்கா அமத்தினால் ஒரு குண்டு. அடுத்ததுக்குத் திரும்பவும் அமத்தவேணும்."

"உங்களைப் போலை."

குலசேகரம் பெரிய சண்டைக்கு ஆயத்தமாய் வந்திருந்தார். சிவனேஸ்வரியோ அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, வாங்குங்கோ" என்றார். துவக்கு வாதம் துவங்க முன்னமே முடிந்துவிட்டது.

முதலில் இரும்புப் பெட்டி வாங்கி, மாடிப்படிக்குக் கீழே சுவரோடு ஆணி முடுக்கிப் பொருத்தினார். அனுமதிக்கு விண்ணப்பித்தார். வீடு பார்க்க ஒரு பொலிஸ் பெண்மணி வந்தார். குலசேகரத்திடம் எல்லாம் கேட்டு முடித்து, "இனி உங்கள் மனைவியோடு தனியாகப் பேசவேண்டும்" என்றார்.

குலசேகரம் குசினிக்குள் போய்ச் சுவரில் காதை வைத்தார்.

"அவருக்குக் கோபம் வருமா?"

"பஸ்ஸிலை எத்தினை பேர் ஏசியிருப்பினம். ஒருத்தரையும் திருப்பி ஏசினதில்லை. என்னையும்தான்."

"குடிப்பாரா?"

"கலியாண வீட்டிலை அரைக் கிளாஸ். பிறகு இருந்து அழுவார்."

சுவருக்கு இந்தப் பக்கம் குடிக்காமலே குலசேகரத்தின் கண் கலங்கிவிட்டது.

"நல்லது. பெட்டிச் சாவி இருக்கும் இடம் அவருக்கு மட்டும்தான் தெரியவேண்டும். அதுதான் விதி."

"அது கொஞ்சம் கஷ்டம்," என்றார் சிவனேஸ்வரி கவலையோடு. "போன கிழமை சப்பாத்துக்குள்ளை ஒளிச்சவர். பிறகு சீனிப் போத்தலுக்குப் பின்னாலை. ஒளிச்சுப்போட்டு மறந்திடுவார். நான்தான் தேடி எடுத்துக் குடுக்கிறனான்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பொலிஸ் பெண்மணி குசினி வாசலுக்கு வந்தார். "இப்போது சாவி எங்கே?"

குலசேகரம் மிடுக்காய்ச் சீனிப் போத்தலை நகர்த்தினார். பின்னால் ஒன்றுமில்லை. மிளகாய்த்தூளை நகர்த்தினார். தும்மினார்.

"காலமை போத்தல் தட்டைத் துடைக்கேக்கை எடுத்தனான்," என்று சிவனேஸ்வரி தன் கார்டிகன் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

பொலிஸ் பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கிளப் துவக்கால் கிளப்பிலேயே சுடலாமே. வீட்டில் வைப்பதைப் பற்றிப் பிறகு யோசிப்போம்" என்று சொல்லிப் போனார்.

குலசேகரம் சோபாவில் போய் விழுந்தார். சிவனேஸ்வரி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"ஒவ்வொரு சனியும் கிளப்பிலை சுடுங்கோ. நானும் வந்து பாக்கிறன். ஆனால் வீட்டிலை அது கிடந்தால் எனக்கு நித்திரை வராது."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் உடனே விட்டிருப்பியள். பிறகு அந்த விசிலும் நிண்டிருக்கும்."

குலசேகரம் அவரின் கையைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி ஆறியது. கடைசியில் கேட்டார்:

"அப்ப அந்தப் பெட்டியை என்ன செய்யிறது?"

"அதுக்குள்ளை என்ர நகையளை வைச்சுப் பூட்டிட்டன்."

"சாவி?"

"அது உங்களுக்குத் தெரியக் கூடாது. விதி."