வெள்ளைச் சேலை சிவந்த கதை

புக்கிட் ரோத்தான்,
நவம்பர் 1984.

அன்பு மச்சான் நடராஜாவுக்கு, உன் அக்காவைக் கட்டியும் சிரிப்புக் குறையாத அழகேசன் எழுதுவது. இங்கே நான், மாடு, கோழி எல்லாரும் சுகம். உன் அக்கா திலகத்துக்குத்தான் சுகமில்லை. நோயில்லை, கோபம்.

தீபாவளிக்கு நீ ரவாங்கிலிருந்து அனுப்பிய சேலை வந்தது. நல்ல பருத்திதான், வெயிலுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் கரைகூட இல்லாத வெள்ளை. குத்துக்கல் மாதிரி நான் இருக்கும்போதே அக்காவுக்கு வெள்ளைச் சேலை எடுத்தவன் இந்தச் சிலாங்கூரிலேயே நீ ஒருவன்தான் மச்சான். அவள் சேலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த பார்வையில், எனக்கே ஒரு தடவை நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றியது. "ரமணி நிச்சயத்துக்கு நான் வரல. அவன் மகளுக்கு அவனே பூ வச்சிக்கட்டும்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

அத்தை பூ வைக்காமல் என்ன நிச்சயம்? டவுனுக்கு ஓடிச் சிவப்புச் சாயப் பொட்டலம் வாங்கி, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, சேலையை முக்கி எடுத்தேன். குங்குமம் தோற்றது. அவளும் சிரித்துவிட்டாள். நான் அதோடு சும்மா இருந்திருக்கலாம். சாயம் நிற்கக் கடைசியில் கொஞ்சம் வினிகர் விடச் சொல்லியிருந்தான் கடைக்காரன். நம் தோட்டத்து லயத்து வீடுகளில் வினிகர் ஏது? ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட்தான் இருந்தது. பாலையே கட்டியாக்குகிற சரக்கு சாயத்தைப் பிடித்து வைக்காதா என்று ஒரு குவளை ஊற்றினேன். கண்ணெதிரே சேலை நீலமாகிவிட்டது மச்சான், பேனா மை மாதிரி. அந்த நேரம் பார்த்து எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சோமு வந்து, "என்னண்ணே, நீல யூனிபார்ம் போட்டு அண்ணிய ஸ்கூலுக்கு அனுப்பப் போறீங்களா லா?" என்றான். அது அவள் காதில் விழுந்தது. மறுபடியும் சுவர்.

இனி என் பேச்சு எடுபடாது. ஞாயிற்றுக்கிழமை நீயே பஸ் ஏறி வந்து கூப்பிடு. வேறு சேலை ஒன்று கொண்டு வா. என்ன நிறமென்று கடைக்காரியைக் கேள், உன் கண்ணை நம்பாதே. விறகுக்கட்டைகளை நான் முன்னாலேயே ஒளித்துவைக்கிறேன்.

மாரியாத்தா ரமணியைக் குறையில்லாமல் வைக்கட்டும், அவள் அப்பனுக்கு ஒரு கண்ணாடியும் கொடுக்கட்டும்.

உன் அன்பு அழகேசன்

பின்குறிப்பு: வராதே மச்சான். உன் அக்கா என்னைத் திட்டிக்கொண்டே சவுக்காரம் போட்டு அலசினாள், சேலை மறுபடியும் சிவந்துவிட்டது. ஆசிட்டைச் சவுக்காரம் முறித்ததோ என்னவோ, எப்படியென்று என்னைக் கேட்காதே. இப்போது அதைக் கட்டிக்கொண்டு, "எந்தம்பி துணி எடுத்தா தனிதான்" என்று லயம் முழுக்கச் சொல்லி வருகிறாள். நிச்சயத்துக்கு நாங்கள் முதல் ஆளாக வருகிறோம். ஆனால் அதே வாளியில் என் ஒரே நல்ல வேட்டியும் கிடந்திருக்கிறது. எனக்கு ஒரு வெள்ளை வேட்டி எடுத்து வை. அந்த நிறம்தான் உனக்கு நன்றாக எடுக்கத் தெரியுமே.