நூற்றெண்பத்தேழு மதிப்பெண் பிரெஞ்சு

கேள்வியை முழுதாகப் படிக்காமல் பதில் சொல்வது என் பிறவிக் குணம். பரீட்சையில் அது மதிப்பெண்ணோடு போயிற்று. வீட்டில் அக்காவின் வேலைக்கே உலை வைத்தது.

முதலில் என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் அள்ளலாம் என்று புதுச்சேரியில் பலரும் பள்ளியில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுப்பார்கள். நானும் எடுத்தேன். பிளஸ் டூவில் இருநூற்றுக்கு நூற்றெண்பத்தேழு. (எந்த வெள்ளைக்காரர் வழி கேட்டாலும் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டுவேன். என் பிரெஞ்சு அவ்வளவுதான்.)

2006 வாக்கில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்துவான் மாமா பிரான்சிலிருந்து அக்காவுக்கு ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். அதன் கீபோர்டில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருந்தது. ரெஜினா அக்கா சிவில் டிப்ளமோ முடித்தவள். உழவர்கரையில் ஒரு இன்ஜினியர், மாடி வீட்டுக்குப் பிளான் ஒன்று வரைந்துவரச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வேலை. இல்லாவிட்டால் சென்னையில் அத்தை வீட்டில் தங்கி வேலை தேட வேண்டும். (அந்த அத்தையை உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அக்காவுக்காக நீங்களே வரைந்து கொடுத்திருப்பீர்கள்.)

அக்கா வரையாத நேரத்தில் நான் கார் ரேஸ் ஆடுவேன். கார் வளைவில் திக்கித் திக்கி ஓடியது. உடனே கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேரையே மாற்றலாமா என்று ஊரெல்லாம் ஆலோசனை கேட்கக் கிளம்பினேன். பிரவுசிங் சென்டர்க்காரர், "வெளாட்டுக்கு விண்டோஸ், வேலைக்கு லினக்ஸ்" என்றார். தட்டாஞ்சாவடியில் லேபிள் டிசைன் செய்யும் தெரிந்தவர், "மேக் வாங்காம கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது தம்பி" என்றார். கூடப் படித்த மனோ, "மச்சி, எல்லாத்துக்கும் லினக்ஸ்தான். வேணும்னா ஒரே பொட்டியில விண்டோஸையும் சேத்து ரெண்டையும் வச்சிக்கலாம், ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு வெளாட்டுக்கு" என்றான். எதில் வேலை, எதில் விளையாட்டு என்று கேட்டேன். அவன் சொன்னது புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அக்காவின் வரைபட சாஃப்ட்வேரும் சரி, என் காரும் சரி, ஓடுவது விண்டோஸில்தான். அது ஏற்கெனவே வீட்டில் இருந்தது. இந்த உண்மை அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

சனிக்கிழமை அக்கா ஒரு காலி சிடியைக் கையில் கொடுத்தாள்.

"பிளானை இதுல ஏத்தி வைடா. எதுக்கும் ஒரு காப்பி இருக்கட்டும்."

ஏற்றினேன். பிளானை அல்ல, மனோ வீட்டுக்குப் போய் லினக்ஸை. பிளானுக்கு வேறு சிடி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்தே போனேன்.

ஞாயிறு காலை மாமாவோடு எல்லோரும் சர்ச்சுக்குப் பூசைக்குப் போனார்கள். வயிற்றுவலி என்று நான் தங்கிவிட்டேன். சிடியைப் போட்டதும் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தமிழ் இருந்ததோ என்னவோ, நான் தேடவில்லை. பெட்டி பிரான்சிலிருந்து வந்தது, கீபோர்டும் பிரெஞ்சு. அதனிடம் பிரெஞ்சில் பேசுவதுதானே மரியாதை? பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்தேன். நூற்றெண்பத்தேழு மதிப்பெண் சும்மாவா?

கொஞ்ச நேரத்தில் நான்கு வரிக்கு ஒரு கேள்வி வந்தது. அதில் எனக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள்: 'எல்லாம்', 'டிஸ்க்'. எல்லாம் டிஸ்க்கில் நலமாக இருக்கிறது என்று தெரிவிக்கிறது போலும் என்று மகிழ்ந்து, 'வீ' என்ற பொத்தானை அழுத்தினேன். பிரெஞ்சில் வீ என்றால் ஆமாம். அது மறுபடியும் ஏதோ கேட்டது. வெள்ளைக்கார நாசூக்கு என்று நினைத்து மறுபடியும் வீ.

பூசை முடிந்து அவர்கள் வந்தபோது திரை மண் நிறத்தில் புத்தம் புதிதாக இருந்தது. என் காரைக் காணோம். அக்காவுக்கு என் காரைப் பற்றி அக்கறை இல்லை.

"நான் வரைஞ்ச வூடு எங்கடா?"

"எல்லாம் டிஸ்க்லதான்க்கா இருக்கும்."

"அந்த சிடியக் குடு."

கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அதில் என்ன இருக்கிறது என்று பார்த்ததும் அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு நிஜமாகவே வயிறு வலிக்க ஆரம்பித்தது.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிடியை மறுபடி போட்டு, அந்தக் கேள்வி வரும்வரை போய் நிதானமாகப் படித்தார்.

"'டிஸ்க்ல இருக்கறது எல்லாத்தையும் அழிக்கப் போறேன், சம்மதமா'ன்னு கேக்குது. நீ இன்னா சொன்ன?"

"வீ."

"'நல்லா யோசிச்சிக்கோ, திரும்பி வராது'ன்னு ரெண்டாவது வாட்டி கேட்டிருக்குமே?"

"அதுக்கும் வீ."

மாமா கண்ணாடியைக் கழற்றி, "பள்ளிக்கூடத்துல எவன்டா உனக்கு மார்க்கு போட்டான்?" என்றார்.

திங்கட்கிழமை அக்கா சார்ட் பேப்பரில் பென்சிலால் வரைந்ததை எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிறு ராத்திரி முழுக்க ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நான். (அதிலும் குளியலறைச் சுவர் கோணல், என் கை அசைந்ததால்.) இன்ஜினியர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே வரையச் சொன்னார். அந்த வாரம் தினமும் மதியம் உழவர்கரைக்கு சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோனேன். அக்கா வாங்கிக்கொள்வாள், பேசமாட்டாள். சனிக்கிழமை டப்பாவை வாங்கும்போதுதான், "வேலை கெடச்சிடுச்சு, மூஞ்சி வேர்வையத் தொடச்சிக்கோ" என்றாள். தெருவிலேயே அழுதுவிட்டேன்.

ஆறு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அவர்கள் ஆசைப்பட்டார்கள் என்று சர்ச்சில் சாமியார் சம்மதக் கேள்வியைப் பிரெஞ்சிலேயே கேட்டார். நீளமான கேள்வி. கோயிலே அமைதியாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். முதல் வரிசையிலிருந்து அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது:

"மாமா, அவன் வீ சொல்றதுக்குள்ள அது இன்னான்னு படிச்சிச் சொல்லிடுங்க!"

சாமியாரே சிரித்துவிட்டார். அவர் மறுபடியும் கேட்க வேண்டியதாயிற்று. அப்போதும் நான் வீ என்றுதான் சொன்னேன். இப்போதும் வீட்டில் நான் எதற்காவது சரி என்றால், என் மனைவி ஒரு கணம் நிறுத்தி, "கேள்வியப் படிச்சீங்களா?" என்கிறாள்.