முயல் அழுத்தாத பட்டன்

ஒரு காட்டில் சிங்கத்துக்குத் தொப்பை விழுந்தது. மருத்துவர் மரங்கொத்தி நெஞ்சில் நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "தினமும் காலையில ஒரு மணி நேரம் நடங்க மகாராஜா" என்றது. சிங்கம் சும்மா நடந்துவிட முடியுமா? நடைபாதை வேண்டும். அதுவும் குளத்தின் மேற்குக் கரையில்தான் வேண்டும், அங்கேதான் காற்று நன்றாக வரும். அந்தக் கரையில் நாற்பத்திரண்டு வளைகள் இருந்தன. எலி, கீரி, உடும்பு, முள்ளம்பன்றி என்று பிள்ளைகுட்டிகளோடு பல குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்துவந்தன. அவ்வளவும் ஆக்கிரமிப்பு என்று ஒரே நாளில் தெரியவந்தது.

இடிக்க வேண்டிய வளைகளின் பட்டியல் காட்டு நிர்வாக அலுவலகத்தில் தயாரானது. அங்கே மொத்தம் மூன்று பேர். சூப்பிரண்டு நீலமேகம் ஒரு கொக்கு. எந்த விஷயமானாலும் ஒற்றைக்காலில் நிற்கும். சீனியர் டைப்பிஸ்ட் தங்கப்பழம் ஒரு கழுதை, இருபத்தாறு வருட சர்வீஸ். மூன்றாவது குணாளன் என்கிற முயல். தற்காலிகப் பணியாளர். ஆறு வருடமாகத் தற்காலிகம்.

கம்ப்யூட்டரில் குணாளனுக்குத் தெரியாத குறுக்குவழி கிடையாது. அது பரவாயில்லை. தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருக்கத் தெரியாது, அதுதான் தொல்லை. தங்கப்பழம் மவுசைப் பிடித்து, மேலே போய், மெனுவைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒவ்வொரு வரியாகப் படித்து 'காப்பி' என்ற சொல்லைக் கண்டுபிடிப்பதற்குள் குணாளனின் இரண்டு காதும் விறைத்துவிடும்.

"அண்ணே, கன்ட்ரோலும் சி-யும். ரெண்டே தட்டு."

"தம்பி, சீக்கிரம் முடிச்சா என்ன கிடைக்கும்? இன்னொரு வேலை கிடைக்கும். நீ போ."

குணாளனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பணி நிரந்தரம். நிரந்தரமானால் ஆலமரத்தடியில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இப்போது அது குடியிருந்தது மேற்குக் கரையில் இருபத்தேழாம் எண் வளையில், மனைவியோடும் பதினோரு பிள்ளைகளோடும். ஆமாம், இடிக்கப்போகும் நாற்பத்திரண்டில் அதுவும் ஒன்று. "உனக்கென்னப்பா கவலை? பட்டியல் மகாராஜாகிட்ட போறப்போ உன் நிரந்தர ஆர்டரும் சேர்ந்தே போகும். நீ குவார்ட்டர்ஸுக்குப் போயிடுவே" என்று கொக்கு வாக்குக் கொடுத்திருந்தது. மற்ற நாற்பத்தொரு வளைக்காரர்கள் எங்கே போவார்கள் என்று கொக்கு சொல்லவில்லை. முயலும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. மற்ற அலுவலகங்களில் மானிட்டருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பொரி தின்னப் போய்விடுவார்கள். தங்கப்பழம் அப்படியில்லை, பக்தி அதிகம். கீபோர்டில் இருந்த ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாகக் குழைத்த சந்தனம் வைத்தது. மூலையில் தனியாகக் கிடக்கிறதே என்று கன்ட்ரோல் பட்டனுக்கு இரண்டு தடவை வைத்தது. சந்தனம் இடுக்கில் இறங்கி, விடுமுறை நாட்களில் காய்ந்து இறுகிப்போனது.

விடுமுறை முடிந்த அன்று காலை, பூஜைக்கு வாங்கிய சாமான்களின் பட்டியலைத் தங்கப்பழம் தன் கம்ப்யூட்டரில் அடித்து முடித்தது. அதை இன்னொரு கோப்பில் சேர்க்க வேண்டும். மவுசு மெதுவாக மெனுவை நோக்கிக் கிளம்பியது. குணாளனால் தாங்க முடியவில்லை. ஒரே தாவாகத் தாவி வந்தது.

"இங்க பாருங்கண்ணே. கன்ட்ரோலோட ஏ தட்டினா எல்லாம் நீலமாகும், மொத்தமும் நம்ம கையில. அப்புறம் சி. எடுத்தாச்சு. இனிமே எங்க வேணாலும் வி தட்டினா ஒட்டிக்கும்."

கன்ட்ரோல் பட்டன் கல் மாதிரி இருந்ததால் முயல் ஓங்கி அழுத்தியது. பட்டன் உள்ளே போனது. போனது திரும்பி வரவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் கொக்கு கத்தியது.

"பூஜை பட்டியல் கெடக்கட்டும்! இடிப்புப் பட்டியலை எடு. மதியம் மகாராஜா கையெழுத்துப் போட வர்றாரு. மேல அவசரம்னு ஒரு வார்த்தை சேத்துடு."

அப்போது கவுன்டரில் ஒரு முள்ளம்பன்றி நின்றுகொண்டிருந்தது. பெயர் முத்தழகி, இருபத்தெட்டாம் எண் வளை, குணாளனின் பக்கத்து வீடு. முயலும் மனைவியும் வேலைக்குப் போனபின் பதினோரு முயல்குட்டிகளையும் தன் முள் குத்தாமல் வளர்ப்பது அதுதான்.

"ஐயா, மூணு மாசம் டைம் குடுங்க. என் குட்டிங்களுக்கு இப்பத்தான் முள்ளு முளைக்குது. இந்த நேரத்துல எங்க தூக்கிட்டுப் போவேன்?" என்றது முத்தழகி.

"மனுவைப் பெட்டியில போடும்மா" என்றது கொக்கு.

"பெட்டி பூட்டியிருக்குங்க."

"சாவி வர்ற வரைக்கும் நில்லு."

முத்தழகி நின்றது. தங்கப்பழம் பட்டியலைத் திறந்தது. அந்த அலுவலகத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் கம்ப்யூட்டரே தமிழாக்கிக் கொடுக்கும். குனிந்து பட்டனைப் பார்த்தே அடிப்பது தங்கப்பழத்தின் வழக்கம். திரையைக் கடைசியில்தான் பார்க்கும். 'அவசரம்' என்று அடிக்கத் தொடங்கியது.

முதலில் ஏ. கன்ட்ரோல் அழுந்தியே கிடந்ததால் எழுத்து விழவில்லை, நாற்பத்திரண்டு வளைகளும் நீலமாயின. அடுத்து வி. காலையில் முயல் எடுத்து வைத்திருந்த பூஜைப் பட்டியல் வளைகளின் இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது, வளைகள் காணாமல்போயின. மறுபடி ஏ. பிறகு எஸ். எஸ் என்றால் சேமி என்று அர்த்தம். கம்ப்யூட்டர் சமர்த்தாகச் சேமித்துக்கொண்டது. மிச்ச எழுத்துகளையும் தட்டியதில் பட்டியல் முழுவதும் வலது ஓரத்துக்குப் போய் ஒண்டிக்கொண்டது.

தங்கப்பழம் நிமிர்ந்து பார்த்தது.

"சூப்பிரண்டய்யா, இடிக்கிற லிஸ்டுல பூசணிக்காய் இருக்கு."

கொக்கு இரண்டு காலையும் ஊன்றி ஓடிவந்தது. திரையில் இப்படி இருந்தது: பொரி இரண்டு மூட்டை. உடைத்த கடலை ஒரு மூட்டை. வாழைக்கன்று நான்கு. பூசணிக்காய் ஒன்று, பெரியது.

"பேப்பர்ல இருந்த ஒரிஜினல் எங்கய்யா?"

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, பேப்பரைக் கழிச்சுக் கட்டுங்கன்னு நீங்கதானே சர்க்குலர் விட்டீங்க. வடைக்கடைக் கரடி அள்ளிட்டுப் போயிடுச்சு. போன வாரம் நான் வாங்குன வடையிலகூட பதினாலாம் நம்பர் வளை ஒட்டியிருந்துச்சு."

கொக்கு குணாளன் பக்கம் திரும்பியது. "குணாளா! உனக்குத்தான் அத்தனை பட்டனும் அத்துப்படியாச்சே. இதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வழி சொல்லுப்பா. உன் நிரந்தர ஆர்டர் என் டிராயர்லதான் இருக்கு. இப்பவே எடுத்துத் தர்றேன்."

குணாளன் கீபோர்டைப் பார்த்தது. அழுந்திக் கிடந்த கன்ட்ரோல் கண்ணில் பட்டதுமே எல்லாம் விளங்கிவிட்டது. வழியா இல்லை? இசட் பட்டனைத் தட்டினால் கடைசியாகச் செய்தது ரத்தாகும். தட்டத் தட்ட ஒவ்வொன்றாகப் பின்னால் போய் நாற்பத்திரண்டு வளைகளும் வந்து நிற்கும். கன்ட்ரோலைக்கூட அழுத்த வேண்டியதில்லை. ஆறு வருடமாக யாருமே கேட்காமல் எல்லோருக்கும் சொல்லித் திரிந்த முயலிடம் முதல் தடவையாக ஒருவர் கெஞ்சிக் கேட்கிறார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

முத்தழகிக்கு நடந்தது ஒன்றும் புரியவில்லை. கவுன்டரில் இருந்து மெல்லக் குரல் கொடுத்தது. "குணா தம்பி, உன் கடைசிப் பையனுக்கு லேசா சளி புடிச்சிருக்கு. கஷாயம் குடுத்துப் படுக்க வெச்சிட்டுத்தான் வந்தேன். என் மூத்தவ பாத்துக்கறா, நீ பயப்படாத."

குணாளன் இசட் பட்டனிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டது.

"தெரியலைங்க சார்" என்றது.

தன் வாயால் அப்படிச் சொன்னது அதற்கே அவமானமாக இருந்தது. தங்கப்பழம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முயலை ஏற இறங்கப் பார்த்தது. ஆனால் கொக்கு விடுவதாக இல்லை.

"ஏதோ ஒரு பட்டன்ல இருக்கும்யா. ஒண்ணு விடாம தட்டிப் பாரு."

"அப்போ கீழ் வரிசையிலேருந்து ஆரம்பிக்கிறேன்" என்று தங்கப்பழம் குளம்பைத் தூக்கியது. "நானும் கீழேயிருந்து மேல வந்தவன்தானே."

கீழ் வரிசையில் முதல் எழுத்தே இசட்.

"அண்ணே!" என்று முயல் அலறியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "முறைன்னு ஒண்ணு இருக்குல்லண்ணே. உத்தரவு எப்பவும் மேலேருந்துதானே கீழ வரும்? நிதானமா மேல் வரிசையிலேருந்து வாங்க. ஒவ்வொண்ணா. ஒண்ணும் அவசரமில்ல."

கொக்கு யோசித்தது. "அதான் முறை. மேலேருந்தே வாய்யா."

மேல் வரிசையில் முதல் எழுத்து க்யூ. பார்க்கும்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது டபிள்யூ. கோப்பை மூடும் பட்டன் அது. 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. தங்கப்பழம் மவுசைப் பிடித்து, மெதுவாகக் கொண்டுபோய், 'ஆமாம்' என்பதன்மேல் வைத்துத் தட்டியது. "கேட்டா ஆமான்னு சொல்றதுதானே மரியாதை" என்றது. கோப்பு மூடிக்கொண்டது. பழையபடி திரும்பும் வழியும் அதோடு மூடிக்கொண்டது. முயல் அப்போதுதான் மூச்சே விட்டது. தங்கப்பழம் மட்டும் விடாமல் எல்லாப் பட்டனையும் தட்டி முடித்தது. இசட்டையும் தட்டியது.

மதியம் சிங்கம் வந்து, வேறு வழியில்லாமல் கொக்கு நீட்டிய அந்தப் பட்டியலில் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது. கோப்பின் அட்டையில் 'மேற்குக் கரை' என்றிருந்தது. உள்ளே இருப்பதுதானே உத்தரவு? மறுநாள் யானைகள் இரண்டு மூட்டைப் பொரி, ஒரு மூட்டைக் கடலை, நாலு வாழைக்கன்று, பெரிய பூசணிக்காய் ஒன்று ஆகியவற்றை மேற்குக் கரையில் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயின. வளைகளை மறுபடி அளக்க அதிகாரி நியமிக்கும் கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. சிங்கமும் நடைப்பயிற்சியை விட்டு மூச்சுப் பயிற்சிக்கு மாறிவிட்டது. அதைப் படுத்துக்கொண்டே செய்யலாமாம்.

கொக்கு டிராயரில் இருந்த ஆர்டரைக் கிழித்துப் போட்டது. குணாளனின் பணிப்பதிவேட்டில் 'கணினி அறிவு போதாது' என்று எழுதி, மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. நெருக்கடி நேரத்தில் எல்லாப் பட்டனையும் தட்டிப் பார்த்த ஒரே ஊழியர் என்பதால் பயிற்சியாளர் பதவி தங்கப்பழத்துக்குக் கிடைத்தது. முயலுக்கு அது வலித்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

"எல்லாரும் பாருங்க. இதுதான் மவுசு. இதைப் பயப்படாம புடிக்கணும்" என்றது தங்கப்பழம்.

முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குணாளன், "சரிங்கண்ணே" என்று நோட்டில் எழுதிக்கொண்டது.

நீதி: எல்லாக் குறுக்குவழிகளையும் ஒன்று விடாமல் கற்றுக்கொள்ளுங்கள். எதைத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.