நடுநிலையாரின் ‘ஆனால்’

நடுநிலையார் என்றொரு இனம் உங்கள் தெருவிலும் உண்டு. எந்தக் கட்சியிலும் இல்லாதவர், எவர் வாசலிலும் போய் நிற்காதவர், உண்மையைத் தவிர வேறொன்றும் அறியாதவர். இதையெல்லாம் நமக்குச் சொன்னவரும் அவரேதான். முகநூலில் எதை எழுதினாலும் ‘நான் எந்தக் கட்சியும் இல்லை, ஆனால்’ என்றுதான் தொடங்குவார். அந்த ‘ஆனால்’ தாண்டியதும் கட்சி அலுவலகம் வந்துவிடும்.

ஒரே ஆள் எழுதினால் அது பொதுமக்கள் கருத்தாகுமா? ஆகாது. அதனால் அவரே ‘ஓய்வுபெற்ற ஆசிரியர்’ என்ற பெயரில் வந்து தம்மைப் பாராட்டுவார், ‘கல்லூரி மாணவன்’ என்று வந்து கொதிப்பார், ‘ஓர் ஏழைத் தாய்’ என்று வந்து கண்ணீர் விடுவார். தாய்க்குத்தான் கூட்டம் அதிகம்.

இந்த முறை வார்டு தேர்தலில் நின்றவர் அவருடைய மனைவியின் அண்ணன். விவரம் தெரியாத மனிதர். மேடையேறி உண்மையைச் சொல்லிவிட்டார். “குடிதண்ணிக் குழாய் இந்த வருஷம் வராது. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் கண்டிப்பா போட்டுத் தரேன்.”

சொந்த மச்சானை ஆதரித்தால் நடுநிலை என்ன ஆவது? போதாததற்கு, எதிர்த்து நின்ற, இப்போது பதவியில் இருப்பவர் இவர் தோளில் கைபோட்டு, “நீங்க சொன்னா நாலு பேர் கேப்பாங்க சார்” என்றிருந்தார். நம்மவர் குளிர்ந்துவிட்டார். மச்சானின் பேச்சில் ‘குழாய் வராது’ என்பதை மட்டும் நறுக்கி, ‘கல்லூரி மாணவன்’ பெயரில் முகநூலில் போட்டார். கீழே ஏழைத் தாய் வந்து, காலிக் குடத்தோடு அழுதாள்.

மறுநாள் காலை மனைவி கண் கலங்கக் கைபேசியை நீட்டினாள்.

“இந்தம்மா எழுதியிருக்கிறதப் பாத்தீங்களா? எங்க அண்ணனா இப்படி மாறிப்போச்சு?”

“முகநூல்ல வர்றதையெல்லாம் நம்பலாமா?”

“வயித்தெரிச்சல்ல ஒரு தாய் பொய் சொல்லுவாளா? அண்ணனுக்கு என் ஓட்டு கெடையாது.”

‘அந்தத் தாய் நான்தான்’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. வெட்கம் இருந்தது, நம் எழுத்து ஆளை அழவைக்கிறதே என்ற பெருமை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. காப்பியோடு விழுங்கிவிட்டார்.

மச்சான் தோற்றார். ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். தங்கை உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

“தோத்தது போகட்டும் மாப்ள. கூடப் பொறந்தவளே என்னை நம்பலையே! அடுத்த வருஷம்னு சொன்னேனா இல்லையா? நீங்களும் கூட்டத்துல இருந்தீங்களே, அவ காதுல விழற மாதிரி சொல்லுங்க.”

உள்ளே வளையல் சத்தம் நின்றது. ஒரு வார்த்தை போதும், அண்ணனும் தங்கையும் சேர்ந்துவிடுவார்கள். நடுநிலையார் தொண்டையைச் செருமினார்.

“ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு மச்சான்.”

இப்படியும் ஒரு மனிதனா என்று உங்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கும்தான். ‘நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, ஆனால்’ என்று ஏதோ சொல்ல வருகிறீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். அந்த ‘ஆனால்’ வரைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.