தாராவிச் சேற்றுக்கு ஒரு ரேஞ்சர்

கடலோதம் வடிந்த சேற்றின் நாற்றம், அழுகிய முட்டையும் ஊறிய தோலும் கலந்தது, ரயில் மாஹிம் கழியைக் கடக்கும்போது இன்றும் ஜன்னல் வழியே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கூடவே ரேஞ்சர் அண்ணாச்சியும். பம்பாய் மாநகரத்தில் சம்பளமில்லாமல், உத்தரவில்லாமல், ஒருத்தரும் கேட்காமல் சேற்றைக் காவல் காத்த ஒரே மடையர்.

எண்பதுகளின் தாராவி. பெல்ட் பட்டறையில் ஓட்டை போடுவது அண்ணாச்சியின் தொழில். ரேஞ்சர் பதவி நாங்கள் கிண்டலுக்குக் கொடுத்தது. அவர் நிஜமென்று வாங்கிக்கொண்டார். எங்கள் சந்தின் பின்னால், கழியோரம், முட்டியளவு சேற்றில் நின்ற அலையாத்திப் புதர்தான் அவர் ராஜ்ஜியம். பச்சை மரத்தில் கத்தி படக்கூடாது. பட்டுப்போன கிளைக்கும் சீட்டுக் குலுக்கல். மாதம் ஒரு வீட்டுக்கு விறகு. நண்டு பிடித்தவன் கூடையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும்.

"சினை நண்டுவே. விடும்."

"அடுப்புல கொழம்பு கொதிக்கு அண்ணாச்சி!"

"பேறுகாலம் முடியட்டும். பொறவு தின்னும்."

நண்டுக்குப் பிரசவ விடுப்பு! எங்கள் பட்டறைகளில் மனுஷிக்கே அது கிடையாது.

எனக்கு அவரைக் கண்டாலே எரியும். பத்துக்குப் பத்து கோலியில், அந்த ஒற்றை அறையில், நாங்கள் ஏழு பேர், மனைவி நிறைமாசம். புதரை வெட்டிச் சேற்றில் இடிபாட்டைக் கொட்டி மேடாக்கினால் வீட்டுக்கு இன்னொரு கோலி என்றார் ஒரு காண்டிராக்டர். பக்கத்துச் சந்து மொத்தமும் தலையாட்டியது. எங்கள் சந்தில் ஒரு தலை மட்டும் ஆடவில்லை. லாரி வந்ததும் அந்தத் தலை அதன் முன்னால் மல்லாந்து படுத்தது.

"எந்திரியும் அண்ணாச்சி! புள்ள பொறக்க இடமில்ல எனக்கு."

"மரம் போச்சுன்னா தண்ணி உம்ம தொட்டிலுக்கே வரும்வே."

"ஆமா, கடலையே நீருதான் கட்டிப் புடிச்சு வச்சிருக்கீரு!"

"பாகல் ஹை", பைத்தியம் என்று லாரிக்காரன் பக்கத்துச் சந்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனான்.

ஆடி மழையும் பெரிய ஓதமும் ஒரே நாளில் கைகோத்து வந்தன. பக்கத்துச் சந்தின் புதுக் கோலிகளில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் பக்கம் அலை புதருக்குள் நுழைந்து, மூச்சுத் திணறி, வாசல்படியை நக்கிவிட்டுத் திரும்பியது. அண்ணாச்சி சும்மா இருப்பாரா? வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்களை வீட்டுக்கு வீடு பங்கு வைத்தார். அறை கேட்ட எனக்குக் கிடைத்தது இன்னும் ஆறு ஆட்கள். அந்த இரைச்சலின் நடுவே, ஒரு புடவைத் திரைக்குப் பின்னால், காய்ந்த தரையில் என் மகள் பிறந்தாள்.

அடுத்த வருஷம் கொஞ்சம் தள்ளி, திலக் நகரில் இரண்டு அறை அமைந்தது. டெம்போவில் சாமான் ஏற்றும்போது சேற்றுக் காலோடு வந்து நின்றார்.

"உம்ம காட்டாலதான் இங்க இடம் பத்தாமப் போறேன்" என்றேன்.

அவர் என்னைக் கண்டுகொள்ளாமல் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். சேறு ஒட்டிக்கொண்டது.

"அங்க தண்ணி ஏறிச்சின்னா யோசிக்காதேயும். புள்ளையத் தூக்கிட்டு நேரே இங்க வந்திரும்வே."