ஏதென்ஸில் மூன்று மணித்தியாலம் ஆடாமல் இருந்தது பற்றி

ஓஸ்டர்முண்டிகன், பேர்ண்
தை 28, புதன்கிழமை

என்றும் மதிப்புக்குரிய பெரியண்ணை தவச்செல்வன் அவர்களுக்கு,

தம்பி லக்ஷ்மணன் பணிவுடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் சீனி வருத்தமும் இந்தக் குளிரில் அடங்கி ஒடுங்கி இருக்க அட்லிஸ்வில் முருகன் பார்த்துக்கொள்வாராக. இங்கே நானும் மனைவி பிரசாந்தினியும் சுகம். தொலைபேசி இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் நான் "ஹலோ" என்பேன், மிச்சம் எல்லாவற்றையும் நீங்கள் சொல்வீர்கள், கடைசியில் நான் "ஓம் அண்ணை" என்பேன். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் நடக்கிறது, குறை சொல்லவில்லை. இந்தமுறை என்னிடமும் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் என்னை ஏதென்ஸுக்கு அனுப்பிய காரியம் வெற்றி. என் மகள், உங்கள் பெறாமகள், யாதவி கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஓவியம் படிக்கப் போகிறேன் என்று அவள் உதறிவிட்டுப் போன காப்புறுதி அலுவலக வேலையை அந்த நல்ல மனுசி, அவளுடைய மேலதிகாரி, இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறா. ஒப்பந்தத் தாள் தை முப்பதாம் திகதிக்குள் தபாலில் சேர்ந்துவிட்டால் பங்குனி முதலாம் திகதி பிள்ளை பழைய கதிரையில் வந்து இருக்கலாம். தாள் இப்போது என் முன்னால் மேசையில் கிடக்கிறது. நாளைக்கு எனக்கு இரட்டை வேலை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது பதிவுத் தபாலில் போட்டுவிடுவேன். கோயிலில் எல்லாரிடமும் "பிள்ளை அங்கை ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள்" என்று நீங்கள் சொல்லிவருகிற பொய்யையும் மாசியோடு நிறுத்திக்கொள்ளலாம். முருகனுக்கும் ஆறுதல்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு, சூட்கேஸின் அடியில் பிரசாந்தினி வறுத்து இடித்துத் தந்த இரண்டு கிலோ கறித்தூள், மேலே என்னுடைய மூன்று சேட்டு, சட்டைப்பையில் அந்த ஒப்பந்தத் தாள், மூக்கில் நல்ல தடிமன், இவ்வளவோடும் போய் இறங்கினேன். அண்ணை, அந்த ஊரைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வேன். இங்கே ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்கிறார்கள். அங்கே பஸ் வந்தால் சனம் ஆச்சரியப்படுகிறது. தை மாதத்திலே வெயில். வீதியின் இரண்டு பக்கமும் தோடை மரங்கள், மரம் முழுக்கப் பழம், கீழே நடைபாதை முழுக்கப் பழம், ஒரு குஞ்சும் பொறுக்குவதில்லை. கைப்புத் தோடையாம், தின்ன ஏலாதாம். ஊறுகாய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே இந்தச் சனத்துக்குத் தெரியாதோ என்று நான் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். ஒரு பை நிறைந்து இரண்டாவது பைக்குப் போகும்போது ஒரு பொலிஸ்காரன் வந்து பார்த்தான், நானும் பார்த்தேன், அவன் மரத்தை உலுக்கி இன்னும் நாலு விழுத்தித் தந்துவிட்டுப் போனான். நம்பினால் நம்புங்கள்.

யாதவி ஐந்தாம் மாடியில் ஸ்டாவ்ருலா என்ற பிள்ளையோடு சேர்ந்து இருக்கிறாள். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் நானும் சூட்கேஸும் ஒன்றாகப் போக முடியாது, ஆகவே முதலில் சூட்கேஸை அனுப்பிவிட்டு நான் படியால் ஏறினேன். குளிக்க வேண்டுமென்றால் அரை மணித்தியாலம் முன்னரே சுவிச்சைப் போட்டுவிட்டுத் தண்ணீர் சுடும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பல்கனியில் இருக்கலாம். பல்கனியில் இருந்தால் எதிர் வீட்டுக் கிழவர் கை காட்டுவார். கை காட்டினால் எதற்காகக் காத்திருந்தோம் என்பது மறந்துபோகும். இப்படியே முதல் இரண்டு நாளும் நான் ஒப்பந்தத் தாளை வெளியே எடுக்கவும் மறந்துபோனேன். சத்தியமாக மறதிதான்.

மூன்றாம் நாள் பிள்ளை வகுப்புக்குப் போய்விட்டாள். வீதிச் சந்தையில் நல்ல மீன் வாங்கிவந்து குழம்பு வைப்போம் என்று குசினிக்குள் நுழைந்தேன். சுவர்த் தட்டில் வரிசையாக யோகர்ட் டப்பாக்கள். பார்த்ததும் என் மனம் குளிர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்து அதற்குள் ஐஸ்கிறீம் கண்ட பிள்ளை உண்டா? எங்கே போனாலும் பிள்ளை எங்கள் வளர்ப்புத்தான் என்று ஒரு டப்பாவைத் திறந்தால் செக்கச் செவேலென்று தூள். அடுத்ததில் மஞ்சள். புதுத் தூளை உடைக்காமல் பழையதை முதலில் முடிப்போம் என்ற நல்லெண்ணத்தில் மூன்று கரண்டி குவித்துப் போட்டேன். நிறம் காணாத மாதிரி இருந்தது, டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். தடிமன் என்றபடியால் மணம் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அண்ணை, அந்தக் குழம்பின் நிறத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்டாவ்ருலா வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நாலு போட்டோ எடுத்தாள். கொஞ்சம் தடிப்பாக இறுகிவிட்டது, அது பழப்புளியின் குணம் என்று நினைத்தேன்.

யாதவி வந்தாள். சட்டியைப் பார்த்தாள், கவிழ்ந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, அது மண்."

"என்ன மண்?"

"படம் கீறுற மண் அப்பா. மலையிலை போய் நானே கிண்டிக்கொண்டு வந்தது. மூண்டு கிழமையா இடிச்சு, கழுவி, அரிச்சு வச்சனான். வியாழக்கிழமை அந்தச் சிவப்பிலைதான் படம் காட்டோணும்."

அரைவருட முடிவில் மாணவர்கள் தங்கள் படத்தை ஆசிரியர்கள் முன்னால் வைத்துக் காட்டுவது அங்கே சோதனை மாதிரி. அவளுடைய சோதனையை நான் மீன்தலையோடு கொதிக்க வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எப்படியும் சமாளித்திருப்பேன். சட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, "பரவாயில்லை அப்பா, கரியாலை ஏதும் கீறுவன்" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அந்த மீனோடு சேர்ந்து நானும் சட்டிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அடுத்த நாள் அங்கே பஸ், ரயில் எல்லாம் வேலைநிறுத்தம். வகுப்பில் கீறுவதற்காக வந்து இருக்கிற ஆளுக்கு, மாடல் என்கிறார்கள், வர முடியாமல் போய்விட்டது. வியாழனுக்குள் யாரைப் பார்த்துக் கீறுவது என்று யாதவி தவித்தாள்.

"நான் வந்து இருக்கிறன் பிள்ளை."

"மூண்டு மணித்தியாலம் ஆடாமல் இருக்கோணும் அப்பா. உங்களாலை ஏலாது."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு மணித்தியாலம் நடந்தே போனோம். பழைய தொழிற்சாலை ஒன்றைத்தான் கலைக்கல்லூரியாக்கி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு சன்னலும் எங்கள் வீட்டுச் சுவர் அளவு. உடனே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன் அண்ணை, நான் முழு உடுப்போடுதான் இருந்தேன். ஜக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. மேடையில் ஒரு கதிரை, அதில் நான், சுற்றிவர பதினாலு பிள்ளைகள். வதிவிடப் பெர்மிட்டுக்குப் படம் எடுக்கும்போது வைத்திருக்கிற முகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நேரே பார்த்தேன். ஆசிரியை வந்து என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னா. யாதவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூச்சு விடலாமாம் அப்பா" என்றாள்.

முதல் கால் மணித்தியாலம் மூக்குக் கடித்தது. அடுத்த கால் மணித்தியாலம், எதிரே ஹீட்டருக்குக் கீழே கிடந்த தூசியைப் பார்த்து மனம் அடித்துக்கொண்டது, ஒரு ஈரத்துணி இருந்தால் ஒரே இழுப்பு. பிறகு துப்புரவு செய்கிற மனுசி ஒருத்தி தும்புத்தடியோடு உள்ளே வந்தா. என் கதிரைக்குக் கிட்ட வந்ததும் நான் பழக்க தோசத்தில் இரண்டு காலையும் தூக்கினேன். பதினாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த மனுசி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. முப்பது வருடமாக ஆஸ்பத்திரியில் மற்றவர்களைக் காலைத் தூக்கச் சொல்லிக் கூட்டுகிறவன் நான். என்னைச் சுற்றி ஒருவர் கூட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெயில் சன்னலால் விழுந்து மெதுவாக நிலத்தால் நகர்ந்து என் சப்பாத்தில் ஏறியது. கரி தாளில் உரசுகிற சத்தம், வேறு சத்தம் இல்லை. நேரம் போகிறதா, இருக்கிறதா, தெரியாது. யாரும் என்னைத் தேடவில்லை, எனக்கும் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு அந்நிய மனிதர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது முன்னர் ஒரேயொரு தடவைதான், பேர்ணில் அகதி விசாரணையில். அந்த அதிகாரி நான் எந்த இடத்தில் பொய் சொல்கிறேன் என்று பார்த்தார். இந்தப் பிள்ளைகள் என் மூக்கு எந்த இடத்தில் முடிகிறது என்று பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது அண்ணை. உடனே ஒரு பெடியன் கையை உயர்த்தி, கண் மாறிவிட்டது என்று ஆசிரியையிடம் முறைப்பாடு செய்தான்.

முடிந்து இறங்கியதும் ஒவ்வொரு படமாகப் போய்ப் பார்த்தேன். ஒருவன் என்னை மந்திரி மாதிரிக் கீறியிருந்தான். ஒருத்தி சப்பாத்தை மட்டும் கீறியிருந்தாள், கட்டிய முடிச்சுக்கூட அப்படியே. யாதவியின் படத்தில் என் இரண்டு கையும் இருந்தன. தண்ணீரும் மருந்தும் பட்டு வெடித்த விரல்கள், ஒரு வெடிப்பும் பிசகாமல். தோள் இருந்தது, ஒரு காது இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"முகம் எங்கை பிள்ளை?"

"எனக்கு உங்கட முகம் தெரியாதப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, யோசித்துச் சொன்னாள். "நீங்க வீட்டிலை ஒரு இடத்திலை இருந்ததேயில்லை. விடிய ஆஸ்பத்திரி, பின்னேரம் மற்ற வேலை. நான் பாத்ததெல்லாம் கதவைச் சாத்துற கையைத்தான்."

வியாழக்கிழமை ஆசிரியர்கள் அந்தப் படத்துக்கு முன்னால் கன நேரம் நின்றார்களாம். சித்திரைக்குள் முகத்தையும் முடித்துக்கொண்டு வா என்றார்களாம்.

ஆனாலும் நான் உங்கள் சொல்லை மறக்கவில்லை. கடைசி நாள் பின்னேரம், பல்கனியில் வைத்து, தாளை எடுத்துக் கொடுத்தேன். சண்டை பிடிப்பாள், பெரியப்பாவுக்கு வேறு வேலை இல்லையோ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் பாடமாக்கி வைத்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தாளை வாசித்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள்.

"சரி அப்பா, வாறன். நீங்களும் எத்தினை நாளைக்கெண்டு ஓடுறது" என்று கையெழுத்தைப் போட்டுத் தந்துவிட்டு உள்ளே போய் டப்பாக்களைக் கழுவத் தொடங்கினாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவேயில்லை. விமானம் முழுக்க அந்தத் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிரசாந்தினி வாசித்துவிட்டு, "பிள்ளை உங்களுக்காகத்தான் போட்டிருக்கிறாள்" என்றா. வேலைக்குப் போனால் கொரிடோரில் தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றுவிடுகிறேன், வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டு. தடிமன் இன்னும் விடவில்லை, அதுதான் காரணமாக இருக்கும்.

ஆகவே நீங்கள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. அண்ணிக்கு என் அன்பையும், மருமகன் சயனுக்கும் பேரன் நிலனுக்கும் எங்கள் ஆசிகளையும் சொல்லுங்கள். நீங்கள் நீடு வாழ்ந்து, எங்களுக்கு என்றும் புத்தி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
லக்ஷ்மணன்

பின்குறிப்பு (சனிக்கிழமை காலை): மேலே "வெற்றி" என்று வருகிற இடத்தைத் தயவுசெய்து நீங்களே பேனையால் வெட்டிக்கொள்ளுங்கள், திருப்பி எழுத எனக்கு மனம் வரவில்லை. நேற்று வேலை முடிந்து அந்தத் தாளோடு பஸ் தரிப்பில் நின்றேன். மர வாங்கு வெறுமையாக இருந்தது, அதில் இருந்தேன். பனிமலைகளின் மேலே வெயில் மெல்ல ரோசா நிறமாகிக்கொண்டு வந்தது. ஒரு பத்தாம் நம்பர் போனது, இன்னொன்று போனது, எத்தனை போனதென்று தெரியாது. நேரத்தைப் பார்த்தால் தபாற்கந்தோர் பூட்டப் பன்னிரண்டு நிமிடம். யாதவிக்குத் தொலைபேசி அடித்தேன்.

"பிள்ளை, உன்ரை தாள் இன்னும் என்ரை கையிலைதான் கிடக்குது. பன்னிரண்டு நிமிசம் இருக்குது. ஓடினா பிடிச்சிடலாம். உண்மையைச் சொல்லு, உனக்கு வேணுமெண்டாச் சொல்லு, நான் இப்ப ஓடுறன்."

அங்கே மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஓடாதேங்கோ அப்பா" என்றாள்.

நான் ஓடவில்லை, அண்ணை.